பின்காலில் ஆடும் டியூகிளா: பிறந்த குட்டிகளுக்கு எடுக்க வேண்டுமா?

சாத்தூர்க்காரன்:

வணக்கம். எங்கள் லாப்ரடார் பெண்நாய் முந்தாநாள் ராத்திரி ஏழு குட்டி போட்டிருக்கிறது. தகப்பன் தெருக்காரன் என்றுதான் தோன்றுகிறது. எல்லாம் பால் குடிக்கின்றன. எடை 360 முதல் 430 கிராம் வரை.

டியூகிளா என்கிற அந்த மேல்நகம் ஏழுக்கும் முன்காலில் உள்பக்கம் இருக்கிறது. மூன்று குட்டிகளுக்குப் பின்காலிலும் இருக்கிறது. அதில் ஒன்றுக்கு வெறும் தோலில் ஒட்டிக்கொண்டு ஆடுகிறது.

எடுக்க வேண்டுமா, எடுத்தால் நாலு காலிலுமா? எத்தனையாவது நாள்? இங்கே ஒருவர் நூலை இறுக்கிக் கட்டினால் காய்ந்து விழுந்துவிடும் என்கிறார். இன்னொருவர் பெரிய நகவெட்டியால் ஒரே வெட்டு, மஞ்சள் அப்பினால் போதும் என்கிறார். டாக்டரிடம் போனால் என்னதான் செய்வார், இவ்வளவு சின்னக் குட்டி தாங்குமா? குட்டி கேட்டு வருகிறவர்கள் வேறு இப்போதே நகத்தை எண்ணிப் பார்க்கிறார்கள்.

வெள்ளைக்கோட்டு:

நூல் வேண்டாம், ரப்பர் பேண்ட் வேண்டாம், நகவெட்டியும் வேண்டாம்.

நூல் கட்டினால் அதற்கு அப்பால் இரத்தம் போகாமல் சதை அழுகித்தான் விழும். விழுகிறவரை பல நாள் வலி. அழுகிய வாடைக்கு ஈ வரும், நம் ஊர்ச் சூட்டில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். உள்ளே எலும்பு இருக்கிற விரலில் கட்டினால் தோல் அறுந்து எலும்பு வெளியே நிற்கும்.

நகவெட்டி நசுக்கி வெட்டும். எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பதும் கைக்குத் தெரியாது. நகம் முளைக்கிற வேர் கடைசி விரல் எலும்பின் அடியைச் சுற்றி இருக்கிறது. அதில் துளி மிச்சம் விட்டாலும் சில வாரங்களில் கோணலாக ஒரு நகம் திரும்ப முளைக்கும், தோலுக்குள் குத்திச் சீழ் பிடிக்கும். அப்புறம் மயக்க மருந்து கொடுத்துத்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். பிறந்த குட்டியின் உடம்பில் இரத்தம் கிலோவுக்கு சுமார் 80 மில்லி. 400 கிராம் குட்டிக்கு மொத்தமே 32 மில்லி. ஒரு டீஸ்பூன் 5 மில்லி. அவ்வளவு போனாலே ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. துணியில் பார்த்தால் சின்னக் கறையாகத்தான் தெரியும், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

எடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். முன்கால் மேல்நகம் ஒரு முழு விரல், நம் கட்டைவிரலுக்கு நேரானது. எலும்பு, மூட்டு, மடக்கவும் நீட்டவும் தசைநாண் எல்லாம் அதற்கு உண்டு. ஏழு குட்டிகளுக்கும் அதை விட்டுவிடுங்கள்.

பின்காலில் பெரும்பாலான நாய்களுக்கு மேல்நகம் இருப்பதே இல்லை. இருக்கிறவற்றில் இரண்டு வகை. ஒன்று கால் எலும்போடு இணைந்து உறுதியாக நிற்கும். மற்றது நுனியில் ஒரு சின்ன எலும்பும் நகமுமாக, காதில் ஆடும் கம்மல் போலத் தோலில் தொங்கும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெதுவாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டால் உள்ளே இணைப்பு இருக்கிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் புரண்டால் தோல் மட்டும்தான். இந்த இரண்டாம் வகையை எடுப்பதில்தான் அர்த்தம். தரையில் படாததால் அது தேயாது, சுருண்டு வளரும், முள்ளிலும் கம்பி வேலியிலும் மாட்டிக் கிழியும்.

நாள்: பிறந்து மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். முதல் இரண்டு நாள் இரத்தம் உறையும் திறன் குறைவு. ஐந்து நாளுக்குப் பிறகு இரத்தக்குழாய் பெருத்துவிடும், எலும்பும் கெட்டிப்படும், குட்டி திமிறும். அந்தக் கெடு தப்பினால் பத்தாம் நாள், பதினைந்தாம் நாள் என்று இழுக்காதீர்கள். அப்படியே விட்டு, பிறகு கருத்தடை செய்யும்போது அதே மயக்கத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

டாக்டர் செய்வது இது. அந்த இடத்து முடியைக் கத்தரித்து, குளோர்ஹெக்சிடின் அல்லது நீர்த்த போவிடோன் அயோடினால் துடைப்பார். ஸ்பிரிட் ஊற்றக் கூடாது, அது ஆவியாகும்போது குட்டியின் சூட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இந்த ஐந்து நிமிடத்தைத்தான். பிறகு மஸ்கிட்டோ ஃபோர்செப்ஸ் என்கிற சின்ன இடுக்கியால் விரலைப் பிடித்து, அடியில் நீள்வட்டமாகத் தோலை வெட்டி, முழுத் துண்டையும் எடுப்பார். ரொம்ப இழுத்துப் பிடித்து வெட்டினால் தோல் அதிகமாகப் போய், கையை எடுத்தவுடன் காயம் வாய் திறந்து நிற்கும். உள்ளே எலும்பு இணைப்பு தட்டுப்பட்டால் மூட்டில் பிரிக்க வேண்டும், எலும்பை நடுவில் நறுக்கக் கூடாது. காஸ் வைத்து ஒன்றிரண்டு நிமிடம் அழுத்தினால் பெரும்பாலும் இரத்தம் நின்றுவிடும். நிற்காவிட்டால் சில்வர் நைட்ரேட் குச்சி.

மூடுவதற்குக் கரையும் நூலில் ஒரு தையல், நூலின் பருமன் 4-0 அல்லது 5-0. முடிச்சு உள்ளே போக வேண்டும், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தாய் அதைப் பிடித்துக் கடித்து இழுக்கும். தையலுக்குப் பதில் திசுப் பசையும் போடலாம். இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேலே ஒரு சொட்டு, அவ்வளவுதான். உள்ளே இறங்கினால் ஆறவிடாது. கடையில் விற்கும் சூப்பர் பசை இதற்கு ஆகாது, ஒட்டும்போது சூடாகிச் சதையைப் பொசுக்கும். எடுத்த துண்டை வாங்கிப் பாருங்கள். நகமும் அதன் அடியில் குட்டி எலும்பும் முழுசாக இருக்க வேண்டும். நகம் மட்டும் இருந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

மரத்துப்போகும் ஊசியில்தான் பெரிய ஆபத்து. லிக்னோகெய்ன் 2 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 20 மி.கி. இருக்கிறது. இந்த வயதுக் குட்டிக்கு எல்லாக் காலுக்கும் சேர்த்தே கிலோவுக்கு 2 மி.கி. தாண்டாமல் வைத்துக்கொள்வது நல்லது. 400 கிராம் குட்டிக்கு 0.8 மி.கி., அதாவது 0.04 மில்லி. அவ்வளவு சின்ன அளவைச் சரியாக இழுக்க முடியாது. அதனால் ஒரு பங்கு மருந்துக்கு மூன்று பங்கு நார்மல் சலைன் (மருத்துவ உப்புநீர்) கலந்து 0.5 சதவீதமாக்கிக்கொள்வார்கள். அப்போது மொத்தம் 0.16 மில்லி, இரண்டு பின்கால் என்றால் காலுக்கு 0.08 மில்லி. அட்ரினலின் கலந்த பாட்டில் கூடாது, விரலுக்குப் போகும் இரத்தத்தை அடைத்துவிடும். இன்சுலின் சிரிஞ்சில் இழுத்தால் மூடி நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு மூடி U-40, அதாவது ஒரு மில்லிக்கு 40 யூனிட் கோடு; ஆரஞ்சு மூடி U-100, ஒரு மில்லிக்கு 100. U-100 கணக்கில் 0.08 மில்லிக்கு 8 யூனிட். அதே 8 யூனிட்டை U-40இல் இழுத்தால் 0.2 மில்லி, இரண்டரை மடங்கு. 0.01 மில்லிக் கோடு போட்ட ஒரு மில்லி சிரிஞ்ச் இருந்தால் இந்தக் குழப்பமே வராது. இதை நான் எழுதுவது டாக்டரிடம் சரியான கேள்வி கேட்பதற்காக. மருந்துக்கடையில் வாங்கி நீங்களே போட வேண்டாம்.

வெளிநாட்டு வீடியோக்களில் ஊசி எதுவும் இல்லாமல் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தில் கண் திறக்காத குட்டிக்கு மயக்க மருந்து இல்லாமல் டியூகிளா எடுக்க இன்றும் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்காகக் குட்டிக்கு வலிக்காது என்று அர்த்தமில்லை. வலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புகள் பிறக்கும்போதே வேலை செய்கின்றன, வலியைத் தணிக்கும் ஏற்பாடுதான் பின்னால் முதிர்கிறது. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு உறுப்பைச் சிதைப்பதைக் குற்றம் என்கிறது. விலக்குப் பட்டியலில் கொம்பு நீக்கம், காயடித்தல், சூடு போடுதல், மூக்கணாங்கயிறு குத்துதல் இவை உண்டு. நாயின் நகமோ வாலோ அதில் இல்லை. பதிவு பெற்ற மருத்துவர் காரணம் பார்த்துச் செய்வது ஒன்று, அழகுக்காக யாரோ வெட்டுவது வேறு. கையோடு வாலையும் குறைத்துவிடலாம் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கன்னி_சிப்பி:

வெள்ளைக்கோட்டு டாக்டர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். முன்கால் விஷயத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஓட்ட நாய்களுக்கும் "மாட்டிக்கும்" என்று சொல்லி முன்கால் நகத்தை எடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நாய் நிற்கும்போது அந்த நகம் தரையில் படாது. நாலுகால் பாய்ச்சலில் முன்கால் ஊன்றும் கணத்தில் மணிக்கட்டு மடங்கித் தரையை ஒட்டி இறங்கும், அப்போது படும். வேகமாக வளைந்து திரும்பும்போது அது மண்ணில் ஊன்றிக் காலை முறுக்கவிடாமல் பிடிக்கிறது. எலும்பைக் கடிக்கும்போது பார்த்தாலே தெரியும், அந்த நகத்தால்தான் அணைத்துப் பிடிக்கும். கிணற்றுப் படியிலோ குளக்கரைச் சரிவிலோ தொற்றி ஏறவும் அதுதான். அஜிலிட்டி என்கிற தடைதாண்டும் ஓட்டப் போட்டிக்குப் பழகும் நாய்களை வைத்து 2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முன்கால் மேல்நகம் இல்லாத நாய்களுக்கு மற்ற விரல்களில் அடிபடும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. நாய்க்காரர்களிடம் கேட்டு எடுத்த கணக்கு என்பதால் அது மட்டுமே சாட்சியாகாது. ஆனாலும் எடுப்பதால் லாபம் என்று காட்ட எதிர்ப்பக்கத்தில் அந்த அளவுகூட ஒன்றும் இல்லை. எப்போதோ ஒரு நாய்க்குக் கிழியும் என்பதற்காக எல்லா நாய்க்கும் விரலை எடுப்பது என்ன நியாயமோ.

நகம் எண்ணுகிறவர்களுக்கு: சாதாரண நாய்க்கு முன்காலில் ஐந்தைந்து, பின்காலில் நாலு நாலு, மொத்தம் 18. பின்காலில் ஒவ்வொன்று கூடினால் 20, இரட்டையாக இருந்தால் 22. 20 நகம் ராசி, 18 நகம் ராசியில்லை, இல்லை இல்லை தலைகீழ் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அது பரம்பரையாக வருவது. பெற்றோரில் ஒன்றிடமிருந்து வந்தாலே குட்டியின் காலில் வெளிப்படும். காவல் குணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிரான்ஸ் நாட்டு போசரோன், பிரியார், கிரேட் பிரனீஸ் இனங்களுக்குப் பின்காலில் இரட்டை மேல்நகம் இருக்க வேண்டும் என்பது இன விதியே. அந்த இனக் குட்டியைக் கண்காட்சிக்கு வாங்கி, இங்கே யாரோ வெட்டிவிட்டால் போச்சு.

சாத்தூர்க்காரன்:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் கேள்வி இருக்கிறது. அசைத்துப் பார்த்தேன். முதல் குட்டிக்கு இரண்டு பின்காலிலும் புரளுகிறது. இரண்டாவதற்கு இடதுகாலில் மட்டும் இருக்கிறது, அதுவும் புரளுகிறது. மூன்றாவதற்கு இரண்டும் உறுதியாக நிற்கின்றன. எங்கள் ஊர் டாக்டர் நான்காம் நாள் காலையில் வீட்டுக்கே வருகிறேன் என்றார். தாய் வெளியாளைக் கிட்டே விடாது. அன்றைக்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும், பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

குட்டிப்பெட்டி:

தம்பி, வீட்டுக்கு வர்றாருன்னா அதுதான் நல்லது. ஆஸ்பத்திரித் தரையில பார்வோ கிருமி, அதான் குட்டிகளைக் கொல்லுற வாந்திபேதிக் கிருமி, இருக்கும், நாலு நாள் குட்டிய அங்க கொண்டுபோய் எறக்காம இருக்கிறதே பாதி வெற்றி.

இன்னைக்கே சமையலறை டிஜிட்டல் தராசை எடுத்து, நகம் புரளுற அந்த ரெண்டு குட்டியையும் எடை போட்டு எழுதுங்க. காலையும் மாலையும், அதே தராசு. தினமும் எடை ஏறணும், ஏழுல இருந்து பத்து நாளுக்குள்ள பிறந்த எடை இரட்டிக்கணும். நாலாம் நாள் காலையில எடை ஏறாத குட்டின்னா, இல்ல ஓரமா ஒதுங்கிக் கெடக்குற குட்டின்னா, டாக்டர் வந்தாலும் அதுக்கு வேண்டாம்னு சொல்லிடுங்க. நகத்தைப் பின்னால கருத்தடை செய்யும்போது எடுத்துக்கலாம்.

பட்டினி போடாதீங்க. பெரிய நாய்க்கு அறுவைக்கு முன்னாடி சாப்பாடு நிறுத்துற பழக்கத்துல சிலர் குட்டியையும் தாய்கிட்ட இருந்து பிரிச்சு வச்சுடுறாங்க. இந்த வயசுல உடம்புல சர்க்கரை சேமிப்பு ரொம்பக் கொஞ்சம், சீக்கிரமே துவண்டு போயிடும். பால் குடிச்ச வயிறோட எடுங்க, முடிஞ்சதும் திரும்பக் காம்புல போடுங்க.

சூடு ரொம்ப முக்கியம். முதல் வாரக் குட்டிக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கத் தெரியாது. ஒரு அட்டைப்பெட்டியில துண்டு விரிச்சு, வெந்நீர் பாட்டிலைத் துணியில சுத்தி ஒரு ஓரமா வைங்க. பெட்டி முழுக்கச் சூடாக்கக் கூடாது, குட்டி நகர்ந்து போக ஆறின பக்கமும் வேணும். பெட்டிக்குள்ள 30ல இருந்து 32 டிகிரி. ஃபேனை நிறுத்துங்க, டாக்டருக்கு வேர்த்தா பரவாயில்ல. குட்டி சில்லுனு ஆயிட்டா பால் குடுக்காதீங்க, குடல் வேலை செய்யாது, புரையும் ஏறும். முதல்ல நிதானமா சூடேத்தி, அப்புறம்தான் பால்.

தாய் விஷயம். ஏழுல ரெண்டுக்குத்தானே செய்யப் போறீங்க, மத்த அஞ்சும் தாயோடவே இருக்கட்டும். டாக்டர் வர்றதுக்கு முன்னாடியே, தாய் வெளிய போயிருக்கும்போது ரெண்டையும் எடுத்துட்டு வீட்டோட இன்னொரு கோடிக்குப் போயிடுங்க. குட்டி கத்துற சத்தம் அதுக்குக் கேக்கக் கூடாது. கேட்டா கதவை உடைக்கும், திரும்ப வந்த குட்டிய விடாம நக்கும். கையில டெட்டால், சென்ட் எதுவும் வேண்டாம்.

இரத்தம் நின்னு ஒரு பதினைந்து நிமிஷம் பெட்டியில வச்சுப் பாருங்க. காய்ஞ்ச ரத்தத்தை வெதுவெதுப்பான சலைன்ல துடைச்சுட்டுத்தான் தாய்கிட்ட விடணும், ரத்த வாடை இருந்தா அங்கயேதான் நக்கும். முதல் ஒரு மணி நேரம் பக்கத்துலயே உட்காருங்க. லேசா நக்குறது நல்லதுதான். முன்பல்லால கொறிக்க ஆரம்பிச்சா குட்டிய எடுத்துச் சூட்டுப் பெட்டியில வச்சு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கண்முன்னாடி பால் குடிக்க விடுங்க. ஒரு நாள் அப்படி ஓட்டினா போதும். கட்டுப் போடுறேன்னு கெளம்பாதீங்க. கட்டு நழுவிச் சுருங்கி இறுகிடும், ராத்திரியோட ராத்திரியா பாதம் வீங்கிடும்.

மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு, பவுடர் எதுவும் வேண்டாம். தூள் காயத்துக்குள்ள போய்க் கட்டியாயிடும், மிச்சத்தைத் தாய் நக்கித் தின்னும். ஈக்குக் கொசுவலை போடுங்க. மாட்டுக்கு அடிக்கிற ஈ ஸ்ப்ரே குட்டி மேல கூடாது. படுக்கைக்குச் சாக்கு போடாதீங்க, நார் பிரிஞ்சு காலைச் சுத்தும். பழைய பருத்திப் புடவையை மடிச்சுப் போட்டு தினம் ரெண்டு வேளை மாத்துங்க. வலி மாத்திரை நீங்களா குடுக்காதீங்க, பாராசிட்டமால் சொட்டும் வேண்டாம்.

மெல்லிசா ஒரு பொருக்கு வந்து ஏழு பத்து நாள்ல உதிர்ந்துடும். பாதம் வீங்குனா, நாத்தம் வந்தா, சிவப்பு மேல ஏறினா, குட்டி விடாம கத்தினா, இல்ல கத்தவே தெம்பில்லாம குவியலை விட்டுத் தனியா கெடந்தா அன்னைக்கே டாக்டரைக் கூப்பிடுங்க. இந்த வயசுல காயத்துக் கிருமி ரத்தத்துல கலக்க ஒரு நாள் போதும்.

வெள்ளைக்கோட்டு:

குட்டிப்பெட்டி அம்மா சொன்னதில் கூட்ட ஒன்றுதான் இருக்கிறது. மெலாக்சிகாம் என்கிற வலி மருந்தை எழுதிக் கொடுத்தால் வயதை நினைவூட்டுங்கள், ஆறு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு அது கூடாது. ஆன்டிபயாடிக்கும் வழக்கமாகத் தேவைப்படாது.

மூன்றாவது குட்டிக்கு எதுவும் செய்யாதீர்கள். உறுதியான இணைப்பை இந்த வயதில் வெட்டினால் காயம் ஆழமாகும். நடுவில் எலும்பை விட்டுவிடும் வாய்ப்பும் அதிகம்.

சாத்தூர்க்காரன்:

சரி, மூன்றாவதைத் தொடவில்லை. அப்படியென்றால் அதன் நகத்தையும், எல்லாக் குட்டியின் முன்கால் மேல்நகத்தையும் எப்படிப் பராமரிப்பது? நாலைந்துக்கு நகம் கறுப்பு, உள்ளே நரம்பு தெரியாது.

கன்னி_சிப்பி:

ஒரு வாரம் ஆனதும் ஊசி முனையை மட்டும் வெட்டத் தொடங்குங்கள், வாரம் ஒருமுறை. இல்லாவிட்டால் பால் குடிக்கும்போது பிறாண்டியே தாயின் மடியைப் புண்ணாக்கிவிடும். மனிதர் நகவெட்டி போதும். வளைந்து கூர்மையாக நிற்கும் கொக்கி மட்டும்தான் உங்கள் கணக்கு.

வளர்ந்த பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. மற்ற நகம் தார்ச்சாலையில் தேயும், இது தேயாது. மறந்துவிட்டால் வட்டமாகச் சுருண்டு தோலுக்குள் இறங்கிவிடும். கறுப்பு நகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே வெட்டுமுகத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடிப்பொடியாக இருக்கும்வரை வெட்டலாம். நடுவில் ஈரப்பளபளப்போடு கரும்புள்ளி தெரிந்தால் நிறுத்துங்கள், அடுத்தது இரத்தம். வந்துவிட்டால் சவரக் கடையில் வைத்திருப்பார்களே படிகாரம், அதை நனைத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நகத்துக்கு மட்டும்தான் அது, வெட்டுக்காயத்தில் வைக்காதீர்கள்.

முடி அடர்ந்த குட்டியாக வந்தால் பின்கால் நகம் முடிக்குள் ஒளிந்துவிடும். வாங்குகிறவரிடம் கொடுக்கும்போது அவர் விரலையே அதன் மேல் வைத்துக் காட்டிவிடுங்கள்.